பூட்டன்ர தோட்டம்

எங்கள் வீட்டில் ஆறு பரப்புத் தோட்டக்காணி ஒன்றுக்குப் 'பூட்டன்ர தோட்டம்' எண்டுதான் பெயர். உறுதியில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வீடுகளுக்குப் பெயர் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயர் இருக்கும். ஆனால் அந்த உறுதிப் பெயரை வீட்டில் ஒருவரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஏழாலைப் பக்கத்துச் செம்மண். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்பதால் மொத்தக் காணியும் அரை ஏக்கருக்கும் குறைவு. இந்த வருசம் அதை விற்பதா இல்லையா எண்ட கதை எங்கள் வீட்டில் எழும்பியிருக்கு. வெளிநாட்டில் இருக்கிற மாமாக்கள், இங்கே இருக்கிற நாங்கள், எல்லோரும் வாட்ஸ்அப்பில் மாறி மாறிக் கதைக்கிறோம். எல்லோரும் சொல்லுகிற ஒரே வசனம், "அது பூட்டன் வேர்வை சிந்தின நிலம்."

சரி, அந்தப் பூட்டன் ஆர்? எப்படிச் சீவித்தார்? உண்மையில் ஆருடைய வேர்வை? இதைத்தான் நான் தேடத் தொடங்கினேன்.

என்னிடம் இருந்தவை மூன்று உறுதிகளும், 2015இல் காலமாகும் வரை அம்மம்மா சொல்லிக்கொண்டிருந்த கதைகளும்தான். படம் ஒன்றும் இல்லை. உறுதிக்கட்டு தப்பியதே பெரிய விசயம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு நடந்தபோது அம்மா ஒரு கையில் எட்டு மாதக் குழந்தையான என்னையும், மற்றக் கையில் அந்தக் கட்டைச் சுற்றிய சீலைப் பையையும் வைத்திருந்தாவாம். நகை கூட அப்பாவின் சைக்கிள் கரியரில்தான் போனதாம். உறுதி மட்டும் அம்மாவின் கையில்.

முதல் உறுதி 1908ஆம் ஆண்டுக்குரியது. அதைப் படித்தபோதே வீட்டுக்கதை ஆட்டம் கண்டுவிட்டது. அது சீதன உறுதி. பூட்டியின் தாய் தகப்பன், பூட்டியின் கலியாணத்துக்குக் கொடுத்த காணி அது. ஆறு பரப்புக் காணியோடு, கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியமும் சேர்த்து எழுதியிருக்கிறது. நூறு வருசத்துக்கு மேலாக 'பூட்டன்ர தோட்டம்' எண்டு நாங்கள் சொல்லிவந்தது பூட்டியின் தோட்டம்.

யாழ்ப்பாணத்துக் காணிகளின் கதையே இதுதான். தேசவழமை எண்டு நாங்கள் சொல்லுகிற சட்டத்தை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்தில் கொண்டுவந்தார்கள். அது ஒரு குடும்பத்தின் சொத்தை மூன்றாகப் பார்க்கும். ஆணின் வழியில் வருகிறது முதுசம், பெண் கொண்டுவருகிறது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உழைக்கிறது தேடியதேட்டம். சீதனம் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அப்படித்தான் இந்தக் காணியும் பூட்டியிடமிருந்து அம்மம்மாவுக்கும், அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும் வந்தது. மூன்று தலைமுறையாகப் பெண்களின் பெயரில் இருக்கிற நிலம், பேச்சில் மட்டும் ஒரு ஆணின் பெயரில் இருந்திருக்கிறது.

பூட்டன் உழைக்கவில்லை எண்டு சொல்ல வரவில்லை. அம்மம்மா சொன்ன கதைகளில் அவர் நித்திரை கொள்ளாத மனிசன். புகையிலைத் தோட்டம் செய்கிறவனுக்கு நித்திரை ஏது? மாரி மழையோடு நாற்றுமேடை போட்டு, தை மாதத்தில் கன்று நட்டால், சித்திரை வைகாசி வரை இறைப்புத்தான். மழை ஓய்ந்த பிறகு யாழ்ப்பாணத்தில் ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் தேங்கி நிற்கிற மழைத்தண்ணி. அந்தத் தண்ணி கடல் நீருக்கு மேல் மிதக்கிறது. கூட இறைத்தால் உவர் ஏறிவிடும். ஆகவே கிணறுதான் எல்லாம். எங்கள் கிணறு எட்டுப் பங்காளருக்குப் பொது. ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. முறைநாளில் விடியப்புறம் மூன்று மணிக்கே துலா அசையத் தொடங்கிவிடும்.

துலா தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றடியில் நாட்டிய ஆடுகாலில் ஒரு நீண்ட மரம் குறுக்கே கிடக்கும். அதன் நுனியில் இருந்து கயிறு தொங்கும். கயிற்றில் பனையோலையால் இழைத்த பட்டை. ஒருவரோ இருவரோ அந்த மரத்தின் மேல் ஏறி, முன்னும் பின்னும் நடப்பார்கள். முன்னுக்கு நடக்கப் பட்டை தண்ணிக்குள் இறங்கும், பின்னுக்கு நடக்க மேலே வரும். கீழே நிற்கிறவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். இன்னொருவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணியை மாற்றிக்கொண்டு போவார். மின்சாரமும் மிசினும் இல்லாத காலத்தில் இந்தக் குடாநாட்டின் புகையிலையும் மிளகாயும் குரக்கனும் வெங்காயமும் அந்தக் கால்நடையில்தான் விளைந்தன.

தண்ணிக்கு அடுத்தது பசளை. செம்மண் நல்ல மண்தான். ஆனால் வருசா வருசம் புகையிலை வைத்தால் அது களைத்துப்போகும். ஆட்டுப்பட்டி அடைப்பார்கள். வண்டிலில் குழை கொண்டுவந்து தாழ்ப்பார்கள். வீட்டுக் கூரையால் கழற்றிய பழைய பனையோலையும் மண்ணுக்குள்தான் போகும். அறுவடை முடிந்து இலையைக் குடிலுக்குள் தூக்கிப் புகை போடுகிற நாட்களில், ஊரே இருமிக்கொண்டு திரியுமாம். "போயிலை மணம் இல்லாத கலியாணவீடு நான் காணேல்லை" எண்டு அம்மம்மா சிரிப்பா. புகையிலை விற்ற காசு கைக்கு வந்த பிறகுதான் ஊரில் கலியாணமும் கடனடைப்பும் நடக்கும்.

அந்தப் புகையிலையின் ஒரு பெரும் பங்கு மலையாளத்துக்குப் போனது. திருவிதாங்கூர்ச் சந்தைதான் யாழ்ப்பாணத்துக் கமக்காரனின் தலையெழுத்தை எழுதியது. அங்கே தீர்வை கூடினால் இங்கே ஏழாலையில் ஒரு பெட்டையின் கலியாணம் தள்ளிப்போகும். இடையில் நிற்கிற தரகரும் முதலாளியும் விலை வைப்பார்கள். முற்பணம் வாங்கியவன் சொன்ன விலைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். விவசாயிகள் சேர்ந்து மலையாளப் புகையிலை விற்பனைக்கென்று கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது 1934இல்தான். பூட்டனுக்கு அப்போது ஐம்பது வயதளவில் இருந்திருக்கும். அவரின் நல்ல உழைப்புக்காலம் முழுக்கத் தரகரின் கையில் போய்விட்டது.

இரண்டாவது உறுதி 1928. அது ஒற்றி உறுதி. இந்தத் தோட்டத்தையே ஒற்றிக்கு வைத்துக் காசு வாங்கியிருக்கிறார்கள். ஒற்றி என்றால், வட்டிக்குப் பதிலாகக் காசு கொடுத்தவர் நிலத்தை ஆண்டு அனுபவிப்பார். முதலைத் திருப்பிக் கொடுத்தால்தான் நிலம் திரும்பும். ஏன் வைத்தார்கள்? மூத்த மகனை மலாயாவுக்கு அனுப்ப.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துக்கு இது புதுக்கதை இல்லை. அமெரிக்க மிசனும் மற்ற மிசன்களும் ஆங்கிலம் படிப்பித்த பிள்ளைகளுக்கு இங்கே கதிரை காணாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே மலாயாவின் றெயில்வே, கந்தோர்கள், நிலஅளவை என்று அவர்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். 1905இல் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் முழுப் பாதையும் திறந்த பிறகு, கப்பலேறக் கொழும்புக்குப் போவதும் சுலபமாகிவிட்டது. ஒரு மகன் மலாயாவில் கிளாக்கர் ஆனால் குடும்பத்தின் அந்தஸ்து மாறும். தங்கச்சிமாருக்குச் சீதனம் சேரும். தகப்பன் துலாவடியை விட்டு விறாந்தைக்கு வரலாம்.

ஆக, தாயின் சீதனக் காணியை ஒற்றி வைத்து மகன் கப்பல் ஏறினான். உறுதியின் அடியில் பூட்டன் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பக்கத்தில் பூட்டியின் கைநாட்டு. அந்தப் பெருவிரல் அடையாளத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவவின் உடலில் இருந்து எங்களுக்கு மிஞ்சியிருக்கிறது அது ஒன்றுதான். காணி அவவுடையது, ஆனால் முதலில் கையெழுத்துப் போட்டது அவர்.

அடுத்த எட்டு வருசம் சொந்தத் தோட்டத்தில் இன்னொருவர் புகையிலை நட்டதைப் பார்த்துக்கொண்டு, பூட்டன் மற்றவர்களின் தறையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தார். உலகப் பொருளாதார மந்தம் மலாயாவையும் பிடித்த காலம் அது. ரப்பர் விலை விழ, ஆட்குறைப்பு நடந்தது. மகனின் வேலை தப்பியது. மணியோடர் சில மாதம் வந்தது, சில மாதம் வரவில்லை. 1936இல் ஒற்றி மீண்டது. அம்மம்மாவுக்கு அப்போது எட்டு வயது. ஒற்றி மீண்ட அன்று பூட்டன் கிணற்றுக்கட்டில் இருந்து ஒரு கதையும் இல்லாமல் சுருட்டுப் பத்தினதைத் தான் கண்டதாகச் சொல்லுவா.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் விழுந்தது. அதோடு கடிதம் நின்றது, மணியோடர் நின்றது. பர்மா அரிசியும் நின்றது. குடாநாட்டின் நெல் ஒருகாலமும் குடாநாட்டுக்குப் போதியதில்லை. மாரி மழையை நம்பி ஒரு போகம்தான். கப்பல் அரிசி இல்லாமல் போக, ஊர் கூப்பனுக்கும் மரவள்ளிக்கும் ஒடியலுக்கும் திரும்பியது. பூட்டன் புகையிலைத் தறையில் பாதியைக் குரக்கனுக்கு மாற்றினார். சாப்பாட்டை விட அவரை வாட்டியது மகனின் மௌனம். 1944இல் அவர் செத்தபோது மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாது. கொள்ளி வைத்தது இளைய மகன்.

மூத்தவர் உயிரோடு இருந்தார். யுத்தம் முடிந்து 1945 கடைசியில் கடிதம் வந்தது. அதில் முதல் வரியே தகப்பனின் சுகம் கேட்டது எண்டு அம்மம்மா சொல்லும்போது குரல் மாறும்.

மூன்றாவது உறுதி 1949. அம்மம்மாவின் சீதனம். இதில் பூட்டியின் கைநாட்டு மட்டும். காணி அவவுடையதாக இருந்து நாற்பத்தொரு வருசத்துக்குப் பிறகு, அவ தனியாக அதைப் பற்றி ஒரு முடிவு எடுக்க முடிந்தது விதவையான பிறகுதான். இதை ஒரு பழங்காலத்துக் கதையாக நாங்கள் கடந்துபோக முடியாது. 1911இல் வந்த யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குள் வருகிற கலியாணமான பெண் தன் சொந்தக் காணியை விற்க இன்றைக்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நாங்கள் இருக்கிறது 1928 இல்லை. ஆனால் நொத்தாரிசுவின் மேசையில் அது இன்னும் முடியவில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்தியிருந்தால் நல்ல குடும்பக் கதை. பாடுபட்ட தகப்பன், பொறுத்த தாய், கடல்கடந்த மகன். ஆனால் துலாவைப் பற்றி எழுதியபோது 'ஒருவரோ இருவரோ நடப்பார்கள்' எண்டு எழுதினேன். அந்த ஒருவர் ஆர்?

பூட்டன் பட்டை பிடித்தவர். துலா மிதித்தவர் வேறொருவர். அவரின் பெயர் எந்த உறுதியிலும் இல்லை. அம்மம்மாவுக்கு அவரின் பெயர் தெரியும். ஏனெனில் தகப்பனின் வயதுடைய அந்த மனிசனைச் சின்னப் பெட்டையான அவ பெயர் சொல்லித்தான் கூப்பிட்டவ. நீ, வா, போ எண்டுதான் கதைத்தவ. அவர் பூட்டனைக் கூப்பிட்டது 'கமக்காரன்' எண்டு. கே. டானியலின் நாவல்கள் படித்தவர்களுக்கு இந்த விளி புதிதில்லை. கமம் செய்கிறவன் எண்டதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஆனால் யாழ்ப்பாணத்தில் அதை, துலாவில் ஏறி நடக்கிறவர் நிலம் வைத்திருக்கிறவரைப் பார்த்துச் சொன்னார். உழைப்பின் பெயரே உழைக்கிறவரிடமிருந்து எடுக்கப்பட்டு உடைமைக்காரருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அடிமைமுறை இலங்கையில் 1844இல் சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகு நூறு வருசம் போயும், எங்கள் கிணற்றடியில் அதன் பேச்சுவழக்கு அப்படியே இருந்தது.

அம்மம்மா சாகிறதுக்கு ஒரு வருசத்துக்கு முன்னம் ஒருநாள் தானாகவே சொன்னா:

"விடிய மூண்டு மணியில இருந்து அவர்தான் துலா மிதிப்பார். வெயில் ஏற இறங்குவார். அம்மா பழங்கஞ்சியைப் பிளாவில ஊத்துவா. தண்ணி கேட்டால் கையை ஏந்தச் சொல்லி மேல இருந்துதான் ஊத்துறது. கிணத்தில அள்ளக்கூடாது பிள்ளை. அந்தாள் இறைச்ச தண்ணி, அந்தாள் தொடக்கூடாது."

அவ வாழ்க்கை முழுக்க அந்த மனிசனை 'அவன்' எண்டு சொன்னவ. அன்றைக்கு 'அவர்' எண்டு சொன்னா. அது தானாக வந்ததா, எனக்காகச் சொன்னதா எண்டு நான் கேட்கவில்லை.

1929, 30களில் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் எண்ட உத்தரவு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் எரிந்த கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தத் துலாக்காரரின் மகனும் அந்த வயதுப் பிள்ளைதான். அவர் மூன்றாம் வகுப்போடு நின்று, தகப்பனோடு துலாவில் ஏறிவிட்டார். அதே 1928இல், அதே தோட்டத்தை ஒற்றி வைத்து, இந்த வீட்டு மகன் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கிணறு, ஒரே செம்மண். ஒருவருக்கு ஒற்றி வைக்க ஆறு பரப்பு இருந்தது, மற்றவருக்கு இல்லை. 'படிச்சு முன்னுக்கு வந்த சமூகம்' எண்டு நாங்கள் எங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும்போது இந்த ஆறு பரப்பைச் சொல்ல மறக்கிறோம்.

துலாக்காரரின் பேரன்தான் இன்றைக்கு அந்தத் தோட்டத்தைச் செய்கிறார். நாங்கள் அவரை அண்ணை எண்டு கூப்பிடுகிறோம். 1996இல் ஊர் திரும்பியவர்களில் அவர் ஒருவர். நாங்கள் வன்னிக்கும் பிறகு கொழும்புக்கும் போய்விட்டோம். பற்றை மூடிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கி, கிணற்றைக் கலக்கி இறைத்து, வெங்காயமும் பீற்றூட்டும் வைத்தவர் அவர். குத்தகைக் காசை ஒரு வருசமும் தவறவிட்டதில்லை. இப்போது மிசின் இறைக்கிறது, துலா இல்லை. ஆனால் அவருடைய கவலையும் தண்ணிதான். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிப்போய்விட்டது எண்டு ஆய்வாளர்கள் பல வருசமாகச் சொல்லிவருகிறார்கள். செயற்கை உரத்தைக் குறைத்து அவர் மறுபடியும் குழை தாழ்க்கத் தொடங்கியிருக்கிறார். இந்த மண்ணோடு முப்பது வருசம் கதைத்தவருக்குத்தான் அது தெரியும்.

விற்கிற கதை வந்ததும் அம்மா சொன்னது, "குடுக்கிறதெண்டால் செய்யிறவருக்குக் குடுப்பம்." கனடாவில் இருக்கிற மாமா அடுத்த நாளே அழைப்பு எடுத்தார். "அக்கா, விலையைப் பற்றி நான் கதைக்கேல்லை. ஆனா ஆக்களைப் பாத்துக் குடுங்கோ. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? அது பூட்டன் வேர்வை சிந்தின நிலம்."

மாமா நல்ல மனிசன். யுத்த காலத்தில் எங்களுக்குச் சாப்பாடு போட்டது அவர் அனுப்பிய காசு. ரொறொன்ரோவில் பனிக்குள் இரண்டு வேலை செய்து அனுப்பிய காசு. அவருக்கு முதலாளியாக இருந்தவர்கள் எந்த ஆக்கள் எண்டு அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. 'ஆக்களைப் பாத்து' எண்ட அந்தச் சொல் ஏழாலையில் காணி விற்கும்போது மட்டும் எப்படி அவர் வாயில் வருகிறது? இந்த ஊரில் ஆவணமே இல்லாமல் எழுதப்பட்ட உறுதி ஒன்று இருக்கிறது. அதுதான் நிலம் ஆரிடம் போகலாம், ஆரிடம் போகக்கூடாது எண்டு முடிவு செய்கிறது. சட்டத்தில் அப்படியொரு வசனம் இல்லை. 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்துவிட்டது. ஆனால் காணி தரகரிடம் கேட்டால் அவர் முதலில் கேட்கிறது வாங்குகிறவர் 'எவடம்' எண்டுதான்.

அம்மா அண்ணையைக் கூப்பிட்டுக் கதைத்தா. நானும் இருந்தேன். பாதிக் காசு உடனே தரலாம், மிச்சத்தை இரண்டு போக வெங்காயத்தில் தரலாம் எண்டார். வெளியார் ஒருவர் வீடு கட்டத் தருவதாகச் சொன்ன விலையை விட அது குறைவுதான். அம்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எழும்பிப் போகும்போதுதான் அண்ணை ஒன்று கேட்டார்:

"அக்கா, உறுதியில கிணத்துப் பங்கையும் எழுதுவியள்தானே?"

காணியோடு கிணற்றுப் பங்கும் போவது வழமை. அதைத் தனியாகக் கேட்கத் தேவையில்லை. ஆனால் அவர் ஏன் கேட்டார் எண்டு அம்மாவுக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது. "1908இல எழுதினது போலவே எழுதுவம். பங்கும், வழி வாய்க்கால் பாத்தியமும்" எண்டு அம்மா சொன்னா.

நொத்தாரிசு வரைவு எழுதித் தந்துவிட்டார். அண்ணையின் பெயரும், கிணற்றில் எட்டில் ஒரு பங்கும் அதில் இருக்கிறது. அம்மா கையெழுத்துப் போடத் தயார். அடியில் அப்பாவின் சம்மதத்துக்கு ஒரு இடம் விட்டிருக்கிறது. மாமா அழைப்பு எடுத்த நாளிலிருந்து அப்பா 'யோசிப்பம்' எண்டு மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் அவரோடு இருந்து கதைக்கப்போகிறோம். அதற்கு முன்னம் அந்த மூன்று உறுதிகளையும் அவர் ஒருமுறை வாசிக்க வேண்டும் எண்டு கேட்டிருக்கிறேன்.